கொல்கத்தாவுல மூணு நாள், அம்மா, பெரியம்மா, ஒரு டூர் பஸ்

முதல் நாள், திங்கக்கெழம ராத்திரி

ஹவுரால எறங்கியாச்சு. மதுரைல இருந்து சென்னை, சென்னைல இருந்து ஒரு முழு நாளும் சொச்சமும் ட்ரெயின், இடுப்பு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்க வேண்டியிருக்கு. கூட வந்திருக்கறது அம்மாவும் பெரியம்மாவும். அம்மாவுக்கு 69, பெரியம்மாவுக்கு 74, ஆனா ரெண்டு பேரையும் ஒரே சீட்ல ஒக்கார வச்சா ஏழு வயசு எட்டு வயசு புள்ளைங்க மாதிரிதான், ஜன்னலுக்கு விஜயவாடா வரைக்கும் சண்ட.

பெரியம்மாவப் பத்தி ஒன்னு சொல்லிடறேன், இல்லன்னா மீதி புரியாது. ரிட்டயர்டு சோசியல் சயின்ஸ் டீச்சர். சின்ன வயசுல ஹிந்தி பிரச்சார சபா பரீட்சை எழுதி ராஷ்ட்ரபாஷா வரைக்கும் பாஸ் பண்ணவங்க. அம்பது வருஷமா உபயோகப்படுத்த வழியில்லாம டிரங்குப் பெட்டில வச்சிருந்த அந்த ஹிந்திய மொத்தமா இந்த ட்ரிப்புல செலவழிக்கறதுன்னு முடிவு பண்ணிதான் வந்திருக்காங்க. ஹவுரா வாசல்ல மஞ்ச டாக்ஸிக்காரர்ட்ட "கிருபயா ஹமே லேக் மார்க்கெட் லே சலியே"ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, அந்த மனுஷன் தூர்தர்ஷன் செய்தி கேக்கறவர் மாதிரி அப்படியே நின்னுட்டாரு.

டாக்ஸி அம்பாசிடர். வண்டிக்கு வயசாயிடுச்சு, கதவு சாத்த ரெண்டு தடவ இழுக்கணும். அம்பாசிடர் தயாரிக்கறதயே 2014ல நிறுத்திட்டாங்க, 15 வருஷத்துக்கு மேல ஆன டாக்ஸிய ரோட்ல ஓட்டக்கூடாதுன்னு வேற சட்டம், அதனால மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். எங்க அப்பா ஓட்டக் கத்துக்கிட்டது இந்த வண்டிலதான், அம்மா வழிநெடுக அந்தக் கதைய சொல்லிட்டே வந்தாங்க.

ரூம் லேக் மார்க்கெட் பக்கம். காரணம் ஒன்னே ஒன்னு, இட்லி. இது ரொம்ப காலமா தமிழ் ஆளுங்க குடியிருந்த ஏரியா, சாயங்காலம் சும்மா நடந்தா ஃபில்டர் காபிப்பொடி வாசனை வருது, வாழத்தண்டு, வாழல, கருவேப்பில எல்லாம் ரோட்டோரம் வச்சிருக்காங்க. பூக்கார அம்மா "எவ்ளோ மொழம்?"னு தமிழ்லயே கேட்டுட்டாங்க. பெரியம்மாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாத்தம், ஹிந்தில வெல கேக்க ரெடியா இருந்தாங்க.

நாளைக்கு ஒரு நாள் கைடு டூர் புக் பண்ணியிருக்கேன். காலைல எட்டரைல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், ஏசி பஸ், பேலூர் மடம், தட்சிணேஸ்வரம், மியூசியம், விக்டோரியா மெமோரியல் எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. திங்கக்கெழம மியூசியமும் விக்டோரியாவும் லீவுன்னு முன்னாடியே பாத்து செவ்வாய்க்கெழம போட்டேன். என் அறிவ நானே மெச்சிக்கிட்டு தூங்கப் போறேன்.

ரெண்டாம் நாள், செவ்வாய்க்கெழம, நடு ராத்திரி ஆகப் போவுது

காலு ரெண்டும் என்னோடது இல்ல. ஆனா இன்னைக்கே எழுதலன்னா மறந்துடும்.

பஸ் கெளம்பற எடம் பிபிடி பாக், அதாவது பழைய டல்ஹௌசி ஸ்கொயர். நாங்க எட்டு மணிக்கே ஆஜர். பஸ் வந்தது ஒம்போதேகாலுக்கு, ஏதோ ஹோட்டல்ல ஒரு குடும்பம் தூங்கிடுச்சாம், அவங்கள பிக்கப் பண்ணிட்டு வந்தாங்களாம், நேரத்துக்கு வந்தவன் ரோட்ல நிக்கணும் தூங்கினவனுக்கு வீட்டு வாசலுக்கு பஸ், இது எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் போல. நின்ன நேரத்துல எதுத்தாப்ல இருந்த செவப்புக் கட்டடத்த பாத்துக்கிட்டே இருந்தோம். ரைட்டர்ஸ் பில்டிங். ரைட்டர்னா எழுத்தாளர் இல்ல, கிழக்கிந்திய கம்பெனியோட குமாஸ்தா பயலுங்க, அவங்களுக்கு கட்டுனதுன்னு பெரியம்மா க்ளாஸ் எடுத்தாங்க. மண்குடுவைல டீ குடிச்சோம், குடிச்சு முடிச்சதும் குடுவைய குப்பத் தொட்டில போட்டு ஒடைக்கணும்னு சொன்னப்ப அம்மாவுக்கு மனசே வரல, கழுவி பைல வச்சுக்கிட்டாங்க. இப்ப வரைக்கும் அஞ்சு சேந்திருக்கு.

கைடு அம்பது வயசுக்காரர், தலைல குரங்குக் குல்லா. ஜனவரி மாசம்தான், ஆனா நமக்கு கொடைக்கானல்ல மார்ச் மாசம் அடிக்கற அளவு குளுருதான். அவரு சென்னைக்காரங்க வெயில்ல ஸ்வெட்டர் போடறத பத்தி ஒரு ஜோக் சொன்னாரு, அத அவர் அந்தக் குல்லாவோட சொன்னதுதான் ஜோக்கே. அம்மாவையும் பெரியம்மாவையும் மாஷிமா, மாஷிமான்னு கூப்பிடறாரு, நம்ம சித்தி பெரியம்மா மாதிரி மொற. ஹிந்தி, இங்லீஷ், பெங்காலி மூணும் கலந்த பேச்சு, விவேகானந்தர் "பிபேகானந்தோ" ஆயிட்டாரு, அம்மா பத்து நிமிஷம் யாரோ புது சாமியார்னு நெனச்சு கேட்டுட்டு இருந்தாங்க.

பஸ் ஹவுரா பாலத்துக்கு ஏறற எடத்துல நின்னுச்சு. ட்ராஃபிக். இருபது நிமிஷம் நகரல. டூர் பேப்பர்ல ஹவுரா பாலத்துக்கு ஒதுக்குன நேரம் "போற வழியில்"னு இருந்துச்சு, ஆனா மொத்த நாள்ல நல்லா கேட்டது இங்கதான். மைக்க கீழ வச்சுட்டாரு கைடு, டிரைவர் சீட்ல சாஞ்சு நின்னுக்கிட்டு பேச ஆரம்பிச்சாரு. 1943 பிப்ரவரில பாலத்த தொறந்தாங்களாம், தெறப்பு விழாவே கெடையாது, ஜப்பான்காரன் குண்டு போட்டுடுவான்னு பயம், ராத்திரி ஒரே ஒரு ட்ராம் வண்டிய ஓட்டிவிட்டு முடிச்சுட்டாங்க. 26,500 டன் இரும்பு, ஒரு நட்டு போல்ட் கெடையாது, எல்லாம் ரிவிட் அடிச்சது. ஆத்துக்குள்ள ஒரு தூணும் இல்ல, ரெண்டு கரைல இருந்தும் கைய நீட்டி நடுவுல புடிச்ச மாதிரி, நடுவுல 457 மீட்டர். அப்புறம் சொன்னாரு பாருங்க, ஜப்பான் குண்டுக்கு தப்புன பாலம் பான் எச்சிலுக்கு மாட்டிக்கிச்சுன்னு. நடந்து போறவங்க துப்பித் துப்பியே தூணுக்கு அடில இருக்கற இரும்பு மூடி 6 மில்லிமீட்டர் இருந்தது 3 மில்லிமீட்டரா தேஞ்சுடுச்சாம், சுண்ணாம்பும் பாக்கும் சேந்து இரும்ப அரிக்குது, கடைசில ஃபைபர் கிளாஸ்ல மூடி போட்டாங்க. சொல்லிட்டு அவரே ஜன்னல தொறந்து பான் துப்புனாரு. பாலத்துக்கு இன்னும் நூறு அடி இருக்கு, அதனால கணக்குல வராது.

பேலூர் மடம் காலைல பதினொன்றரைக்குள்ள போயாகணும், அதுக்கு மேல மூடிட்டு சாயங்காலம்தான் தெறப்பாங்க. நாங்க போனப்ப பத்தே முக்கால். 1938ல கட்டுன கோயில், ஒரு பக்கம் பாத்தா சர்ச், ஒரு பக்கம் மசூதி ஜன்னல், மேல கோபுரம், எல்லா மதமும் தெரியற மாதிரி கட்டணும்னு விவேகானந்தர் நெனச்சது, கட்டி முடியறதுக்கு 36 வருஷம் முன்னாடியே, 1902ல, 39 வயசுல போயிட்டாரு. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. கங்கையப் பாத்து நின்னா அவ்ளோ அமைதி. "முப்பது நிமிஷம்"னு கைடு விரலக் காட்டுனாரு, அதுல பத்து நிமிஷம் செருப்புக்கு போச்சு.

அடுத்து தட்சிணேஸ்வரம். இங்கதான் என் அறிவு பல்லிளிச்சுது. செவ்வாய்க்கெழம! காளிக்கு விசேஷம்! மியூசியம் லீவ பாத்தவ சாமிக்கு எது விசேஷம்னு பாக்கல. பன்னண்டரைக்கு நடை சாத்திடுவாங்க, வரிசை கங்கை வரைக்கும் வளஞ்சு போவுது, அதுக்கு முன்னாடி செல்ஃபோன ஒப்படைக்க ஒரு வரிசை, செருப்புக்கு ஒரு வரிசை. கைடு வெளிய நின்னு கையெடுத்து கும்புட்டுட்டு வாங்கன்னாரு. அம்மா ஒரு பார்வ பாத்தாங்க. செம்பருத்தி மாலையும் பேடாவும் வாங்கிட்டு, வயசானவங்களுக்கு வழி விடுங்கன்னு தமிழ்லயே சொல்லிக்கிட்டு ரெண்டு பேரும் உள்ள பூந்துட்டாங்க, எப்படின்னு எனக்கு இன்னும் தெரியாது, சாத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி பவதாரிணிய, அதான் அந்தக் காளிய, பாத்துட்டு வேர்த்துப் போயி வெளிய வர்றாங்க. நான் இன்னும் செருப்பு வரிசைல.

கட்டுனது ராணி ராஸ்மோனி, 1855ல. காசிக்கு போறதா இருந்தவங்க கனவுல காளி வந்து, காசிக்கு வேணாம், இங்கயே கங்கைக் கரைல எனக்கு கோயில் கட்டுன்னு சொன்னதா கத. ஒம்போது கோபுரம், ஆத்தங்கரையோரமா வரிசையா பன்னண்டு சிவன் கோயில். அப்புறம் ராமகிருஷ்ணர் இருந்த ரூம். எல்லாரும் அதப் பாத்துட்டு கெளம்பிட்டாங்க, அம்மா மட்டும் எதிர்ல இருந்த நகபத் முன்னாடி நின்னுட்டாங்க. நாதஸ்வரம் மாதிரி வாசிக்கறவங்களுக்கு கட்டுன சின்ன மண்டபம், அதுக்கு கீழ் ரூம்லதான் ராமகிருஷ்ணரோட மனைவி சாரதா தேவி இருந்தாங்க. குனிஞ்சுதான் உள்ள போகணும், நம்ம வீட்டு சாமி ரூம விட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். அதுல தூங்கி, படிக்கட்டுக்கு அடில சமைச்சு, வர்றவங்களுக்கெல்லாம் சோறு போட்டாங்க. "அவரு ரூம் எவ்ளோ பெருசு பாத்தியாடி"ன்னாங்க அம்மா, அவ்ளோதான் சொன்னாங்க.

பாட்டில்ல தண்ணி புடிக்கறப்ப அக்கா தங்கச்சிக்கு சண்ட. பெரியம்மா இது ஹூக்ளி நதிங்கறாங்க, மேப்ல அப்படித்தான் இருக்குன்னு. அம்மா இது கங்கைதான், கங்கைனு சொல்லித்தானே பேடாவுக்கு காசு வாங்குனான்ங்கறாங்க. கைடுதான் நாட்டாமை. கங்கைல இருந்து பிரிஞ்சு வர்ற கெளதான் ஹூக்ளி, வண்டல் சேந்து தண்ணி கொறஞ்சு துறைமுகம் படுத்துக்கற நெலமைல இருந்துச்சு, 1975ல ஃபராக்கால அணை போட்டு கால்வாய் வெட்டி கங்கைத் தண்ணிய திருப்பி விட்டாங்க, அதனால ரெண்டு மாஷிமா சொல்றதும் சரின்னாரு. ரெண்டு பேருக்குமே இந்தத் தீர்ப்பு பிடிக்கல.

மத்தியான சாப்பாட்ட பத்தி எழுத ஒன்னும் இல்ல, அவங்களே கூட்டிட்டுப் போன ஹோட்டல், சாம்பார்னு ஒன்னு குடுத்தாங்க. ஜெயின் கோயில், கண்ணாடித் துண்டு பதிச்சு பதிச்சு கட்டுனது, 1867. அழகுதான், பதினஞ்சு நிமிஷம்.

இப்ப என் கோவத்துக்கு வரேன். சாப்ட்டதும் பஸ் நேரா ஒரு பொடவைக் கடைல நிக்குது. லிஸ்ட்ல இல்லாத எடம். "கைவினைப் பொருள், பாக்கறதுக்கு காசு இல்ல"ன்னாங்க. அங்க நின்ன நேரம் 50 நிமிஷம், நான் வாட்ச் பாத்தேன். அடுத்து இந்தியன் மியூசியம், 1814ல ஆரம்பிச்சது, இந்தியாவுலயே பழசு, அதுக்கு குடுத்தது 40 நிமிஷம்! அசோகர் தூண் சிங்கம், பார்ஹுத் ஸ்தூபிய சுத்தியிருந்த செவப்புக் கல்லு வேலி, அதுல செதுக்குன ஜாதகக் கத, அதாவது புத்தரோட முற்பிறவிக் கத, ஒவ்வொன்னா பெரியம்மா விரல வச்சு சொல்லிட்டு வர்றாங்க, முப்பது வருஷம் போர்டுல வரைஞ்சு காட்டுனத மொத மொறையா நேர்ல பாக்கறாங்க, கைடு வந்து "மாஷிமா, மம்மி, மம்மி"ன்னு அவசரப்படுத்தறாரு. எல்லாரும் எகிப்து மம்மிக்கு ஓடிட்டாங்க. பெரியம்மா வரல. "அந்தப் பொணத்த நீ பாத்துட்டு வா, நான் இங்கயே நிக்கறேன்." டூர் நடத்தறவங்களுக்கு பொடவைக் கடைல கமிஷன் இருக்கும், பார்ஹுத்ல இல்ல, புரியுது, ஆனா காசு குடுத்தது நாங்கதானே.

விக்டோரியா மெமோரியல் போறப்ப நாலு மணி. வெயில் சாஞ்சு அந்த வெள்ளக் கல்லு லேசா மஞ்சளா ஆகற நேரம். தாஜ்மகாலுக்கு வந்த அதே மக்ரானா மார்பிள். ராணி செத்தது 1901, கர்சன் பிரபு நெனச்சு, 1906ல அடிக்கல், 1921ல தெறப்பு, செலவு ஒரு கோடியே அஞ்சு லட்சம், குடுத்தது நம்ம ராஜாக்களும் ஜனங்களும். நடுவுல 1911ல தலைநகரத்த டெல்லிக்கு மாத்திட்டாங்க, அப்ப கட்டடம் பாதில நிக்குது. "கல்யாண மண்டபம் கட்டி முடிக்கறதுக்குள்ள மாப்ள ஊர மாத்திட்டான்"னு பெரியம்மா சொன்னத நான் இங்லீஷ்ல கைடுக்கு சொன்னேன், மனுஷன் குல்லாவக் கழட்டி சிரிச்சாரு, இனிமே எல்லா டூர்லயும் இத சொல்வேன்னாரு. உச்சில ஒரு தேவதை சிலை, கருப்பா, கொம்பு ஊதற மாதிரி, மூணு டன் எடை, காத்து அடிச்சா திரும்பற மாதிரி பேரிங் வச்சிருக்காங்களாம். அம்மா புல்லுல ஒக்காந்து ஜால்முரி, அதாவது மசாலாப் பொரி, சாப்ட்டுக்கிட்டே அது திரும்புதான்னு பாத்துட்டு இருந்தாங்க, திரும்பல. ஜால்முரில கடுகெண்ணெ நெடி, ஆனா ரெண்டாவது பொட்டலமும் வாங்கிட்டாங்க.

திரும்பி வர்றப்ப மணி அஞ்சரைக்கு மேல. பஸ்ல பாதி பேர் தூங்கறாங்க. ஏசி நின்னுடுச்சு. எல்கின் ரோட்ல ஒரு சிக்னலுக்கு முன்னாடி கைடு மைக்ல "லெஃப்ட் சைடு, நேதாஜி பவன், டைம் முடிஞ்சு மூடிட்டாங்க"ன்னாரு. பத்து செகண்ட். ஒரு பழைய வீடு, கேட்டு, மரம். பெரியம்மா எந்திரிச்சுட்டாங்க, ஓடற பஸ்ல. "நிறுத்தச் சொல்லு." நிறுத்த முடியாதுன்னு சொன்னேன். ஹிந்தில அவங்களே சொன்னாங்க, "கிருபயா ரோகியே." டிரைவர் கேக்கல, கேட்டிருந்தாலும் பின்னாடி ஹாரன். ஒக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் ரூம் வர்ற வரைக்கும் ஹிந்தியும் இல்ல தமிழும் இல்ல.

ராத்திரி சாப்பிடறப்ப அம்மாதான் சொன்னாங்க. 1939ல நேதாஜி மதுரைக்கு வந்தப்ப எங்க தாத்தாவுக்கு பதினாலு வயசு, திருமங்கலத்துல இருந்து நடந்தே போயிருக்காரு. கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், ஆளு தெரியல, குரல் மட்டும் கேட்டுச்சாம். பேசுனது புரியவும் இல்ல. ஆனா சாகற வரைக்கும் "நான் நேதாஜிய கேட்டிருக்கேன்"னு சொல்வாராம், பாத்திருக்கேன்னு ஒரு நாளும் சொன்னதில்லயாம். இது எனக்கு இத்தன வருஷம் தெரியாது. டூர் லிஸ்ட்ல "நேதாஜி பவன், வெளியிலிருந்து"ன்னு சின்ன எழுத்துல போட்டிருந்தத நானும் பாத்தேன், பெருசா எடுத்துக்கல.

மேப் போட்டுப் பாத்தேன். நாங்க தங்கியிருக்கற எடத்துல இருந்து காளிகாட் மெட்ரோ, அதுல ரெண்டாவது ஸ்டேஷன் நேதாஜி பவன்.

மூணாம் நாள், புதன்

காலைல அம்மா ஆசைக்கு மொதல்ல தண்ணிக்கு அடில போற மெட்ரோ. எஸ்பிளனேட்ல ஏறி ஹவுராவுக்கு பத்து ரூவா டிக்கெட், 2024 மார்ச்ல தொறந்தது, ஆத்துக்கு அடில 520 மீட்டர் சுரங்கம், அந்த எடம் வந்ததும் நீல லைட் எரியுது. அம்மா ஒன்னு ரெண்டுன்னு எண்ணுனாங்க, 45 வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. "மீனு ஒன்னும் தெரியலயே"ன்னாங்க. நேத்து பாலத்துல ஏற இருபது நிமிஷம் நின்னோமே.

அப்படியே பாலத்த நடந்து கடந்து, அடில மல்லிக் காட் பூ மார்க்கெட், சாமந்தி மூட்டை மூட்டையா, செம்பருத்தி மொட்டு தண்ணில ஊறப் போட்டிருக்காங்க, கீழ தரையெல்லாம் பூ சேறு. தூணுல அந்த ஃபைபர் மூடியும் பாத்தோம். அதுமேலயும் துப்பியிருக்காங்க.

பதினொரு மணிக்கு தெறந்ததும் நேதாஜி பவன்ல நாங்கதான் மொத ஆளு. நெறைய எழுத மாட்டேன். மாடில அவரு ரூம், கட்டில், செருப்பு. 1941 ஜனவரி 16 ராத்திரி, வீட்ட சுத்தி போலீஸ் ஒளவாளி நிக்கறப்ப, தாடி வளத்து, முகமது ஜியாவுதீன்னு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேஷத்துல அந்தப் படிக்கட்டுல எறங்கிப் போனாரு, அவரு நடந்த வழில காலடித் தடம் மாதிரி வச்சிருக்காங்க. அம்மா அது மேல மிதிக்காம ஓரமா நடந்தாங்க. அண்ணன் மகன் சிசிர் விடிய விடிய வண்டி ஓட்டி, மறுநாள் ராத்திரி கோமோ ஸ்டேஷன் பக்கம் கொண்டு போயி விட்டாரு. அங்கிருந்து பெஷாவர், காபூல், ஜெர்மனி.

அந்த வண்டி கீழ நிக்குது, கண்ணாடிக்குப் பின்னாடி. வாண்டரர், ஜெர்மன் கார், நம்பர் பி.எல்.ஏ. 7169. நல்லா பாலிஷ் போட்டு வச்சிருக்காங்க. பெரியம்மா கண்ணாடிக்கு பக்கத்துல போயி நின்னாங்க. ஒரு ஸ்கூல் கூட்டம் வந்துச்சு, போட்டோ எடுத்துச்சு, போயிடுச்சு. பெரியம்மா நின்னுக்கிட்டே இருக்காங்க. நேரமாவுதுன்னு சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் கையப் புடிச்சுட்டாங்க.

வாசல் பக்கம் நின்ன செக்யூரிட்டி பெரியவர் வந்து ஏதோ பெங்காலில கேட்டாரு. பெரியம்மா திரும்பி, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி, பரீட்சைல ஒப்பிக்கற மாதிரி சொன்னாங்க: "மேரே பிதாஜி நே நேதாஜி கீ ஆவாஸ் சுனீ தீ." எங்க அப்பா நேதாஜியோட குரலக் கேட்டிருக்காருன்னு.

அவருக்கு புரிஞ்சுடுச்சு. எப்ப, எங்கன்னு கேட்டாரு. "உன்னீஸ் ஸௌ உன்தாலீஸ், மதுரை"ன்னாங்க. அவரு ஒன்னும் சொல்லல, உள்ள போயி தன்னோட ஸ்டூல எடுத்துட்டு வந்து கார் முன்னாடி போட்டாரு.

ட்ரெயின் நாளைக்குத்தான். பெரியம்மா ஒக்காந்தாங்க, அம்மாவும் நானும் பக்கத்துல தரைல ஒக்காந்துக்கிட்டோம்.